ஓதத்துப் பிள்ளையார்

என் வீட்டுக் கூடத்துச் சுவரைத் தங்கை மகன் போனில் படம் பிடித்து, நாலு ஓரமும் வெட்டி, கொஞ்சம் நீலம் ஏற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். தலைப்பு: ‘தனிமை - 3’. முதல் இரண்டு தனிமையும் யார் வீட்டுச் சுவரோ தெரியவில்லை. காலையில் போட்டான்; மத்தியானச் சோற்றுக்குள் பெங்களூரு, துபாய், திண்டிவனம் என்று எல்லாத் திக்கிலிருந்தும் கைதட்டல். “என்ன ஆழம்!” என்று எழுதியிருந்தார் ஒரு சித்தப்பா. ஆழம் எனக்குத் தெரியும். சாவியால் சுரண்டிப் பார்த்தேன், செங்கல் வரைக்கும் போகிறது.

அது ஓதம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல், மேற்கொண்டு போகாமல் அங்கேயே உட்கார்ந்து விழுப்புரம் மாவட்டத்தையே ஊறப்போட்டதே, அன்றைக்கு இறங்கிய தண்ணீர். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். எங்கள் ஊர் கண்டாச்சிபுரத்துக் கணக்கை நான் மழைமானியில் பார்க்கவில்லை, சோபாவில் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த மழை பெய்தாலும் பழைய வழியை ஞாபகம் வைத்துக்கொண்டு இறங்குகிறது. செங்கல்லில் இருக்கிற உப்பு தண்ணீரோடு வெளியே வரும். தண்ணீர் காய்ந்து போகும். உப்பு மட்டும் தங்கிப் பெயிண்டை உள்ளேயிருந்து நெட்டித் தள்ளும். சுவர் பொரியும், உதிரும். இதில் தனிமை எங்கே வந்தது? கொத்தனார் கிடைக்காத தனிமை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

பையனை மட்டும் சொல்வானேன். உங்கள் போனைத் திறந்தால் தெரியும். டீக்கடை பாய்லர் அடியில் படிந்த கறை, துருப்பிடித்த ஷட்டர், தார் ரோட்டில் ஓடிய வெடிப்பு, ஏதோ ஓர் அலுவலக மாடிப்படி மூலையில் தலைமுறை தலைமுறையாகத் துப்பிச் சேர்த்த வெற்றிலைச் சாறு. எல்லாம் பக்கத்தில் போய், சதுரமாய், மனிதர் யாரும் விழாமல் எடுத்தவை. கல்யாணத்தில் தாலி கட்டும்போது எடுத்த படம் ஆடியிருக்கும். இது மட்டும் ஊசி முனை மாதிரித் துல்லியமாக இருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்த தொல்லியைக்கூட ஒருவர் பேப்பரில் பரப்பி ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். மல்லாட்டை எங்கே என்று கேட்டேன். பதில் வரவில்லை.

எது படம், எது பழுது என்று சட்டென்று கண்டுபிடிக்க என்னிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பையன் என்னோடு சண்டைக்கு இழுத்துவந்த பெரிய மனிதர்களை முதலில் அனுப்பிவிட்டு வருகிறேன்.

“மாமா, லியனார்டோ டா வின்சியே சொல்லியிருக்கார், கறை படிஞ்ச சுவரைப் பாருங்கன்னு” என்றான். சொல்லியிருக்கிறார், உண்மைதான். கறையும் பல நிறக் கல்லும் கலந்த சுவரை உற்றுப் பார்த்தால் மலை, ஆறு, மரம், போர்க்களம், விதவிதமான முகம் எல்லாம் தெரியும் என்று ஓவியர்களுக்கு எழுதிவைத்தார். ஆனால் அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார், அதைப் பையன் படிக்கவில்லை. போத்திசெல்லி என்ற ஓவியர், வண்ணத்தில் நனைத்த பஞ்சைச் சுவரில் எறிந்தாலே போதும், அந்தத் திட்டில் ஓர் இயற்கைக்காட்சி கிடைத்துவிடும் என்றாராம். கிடைக்கும்தான், ஆனால் இந்த மனிதர் வரைந்த இயற்கைக்காட்சிகள் படுமோசம் என்று முடித்துவிட்டார் லியனார்டோ. கறை யோசனை கொடுக்கும், வேலையை முடித்துக் கொடுக்காது என்பது அவர் கட்சி. பையன் ஃபில்டர் போட்டு முடித்துவிட்டான்.

அடுத்து மாக்ஸ் எர்ன்ஸ்ட். 1925இல் பிரான்சில் கடலோர விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, தேய்ந்த பலகைத் தரையின் வரிகள் கண்ணை உறுத்த, அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சில் கரியால் தேய்த்தார். காடும் பறவையும் மிருகமும் எழுந்து வந்தன. கலை உலகம் அசந்துபோனது. இங்கே ஒன்றாங்கிளாஸ் பிள்ளைகள் நாலணாவை நோட்டுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்ததற்கு முட்டி போடச் சொன்னார்கள்.

கே.சி.எஸ். பணிக்கரிடம் எனக்கு மரியாதை உண்டு. 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்து, அதன் எண்ணும் எழுத்தும் நெருக்கியடித்து நிற்கிற அழகில் மயங்கி, ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். எண், எழுத்து, ஜாதகக் கட்டம் எல்லாம் படமாயின. கவனியுங்கள், நோட்டைப் படம் பிடித்து அனுப்பவில்லை. பிரஷ்ஷை எடுத்து உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் வரைந்தார்.

இதெல்லாம் போகட்டும். என் பிரச்சினை பிள்ளையார்.

கண்டுபிடித்தவர் மாமியார். படம் குழுவில் வந்த அன்றே போன் செய்தார். “மாப்ளே, நல்லாப் பாருங்க, தும்பிக்கை தெரியலை?” எனக்கு மல்லாட்டை மூட்டை ஒன்று சாய்ந்து கிடப்பதுதான் தெரிந்தது. மாமியார் விடவில்லை. ஜன்னலோரம் பொரிந்திருப்பது காது. ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே உப்பியிருப்பது தொந்தி. காலண்டர் ஆணி, அது பாதியில் முறிந்த ஆணி, ஒடிந்த தந்தம். இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த வியாதியில் அதுதான் தொல்லை. தெரிவதற்கு முன்னால் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் தெரியாது. தெரிந்த பின் தலைகீழாக நின்றாலும் தெரியாமல் போகாது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார், கையில் குங்குமம். வலம்புரியா இடம்புரியா என்று கேள்வி எழுந்தது. வலம்புரி என்றால் நியமம் அதிகம், வீட்டில் வைப்பது லேசில்லை. இடம்புரி குடும்பத்துக்கு ஆகும். பார்த்ததில் மழை பெய்தால் தும்பிக்கை இடது பக்கம் போகிறது, வெயில் காய்ந்தால் வலது பக்கம் திரும்புகிறது. வானிலை அறிக்கை பார்த்துத்தான் பூஜை முறையைத் தீர்மானிக்க வேண்டும். அப்படியே பழைய கதையும் வந்தது. 1995 செப்டம்பரில் டெல்லி தொடங்கி லண்டன் வரை பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஸ்பூனோடு வரிசையில் நின்றார்கள். பரப்பு இழுவிசை, நுண்துளை என்று விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள். என் வீட்டுப் பிள்ளையாரும் செங்கல்லின் நுண்துளை வழியாகத்தான் உறிஞ்சுகிறார். ஸ்பூன் கணக்கில்லை, மேலே டேங்கு வழிந்தால் அதையும் சேர்த்து.

கொத்தனார் ஒருவழியாக வந்தார். உளியை எடுத்தார். சுவரில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். உளியைப் பைக்குள் போட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

“சார், இதுல நான் கை வைக்க மாட்டேன். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது.”

“இது ஓதங்க.”

“இருக்கட்டும் சார். சுத்தி மார்பிள்ல ஒரு பார்டர் கட்டிடலாமா?”

கணக்குப் போட்டும் கொடுத்தார். மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகத் தளம் போட்டு, சுவரையும் கொத்திப் பூசினால் ஆகிற செலவைவிட அது அதிகம். விளக்கு மாடம் தனியாம்.

அடுத்த மழையில் தொந்தி சோபாவின் மேல் விழுந்தது. பெரியம்மா உதிர்ந்த காரையில் ஒரு பிடி அள்ளி பேப்பரில் மடித்து எடுத்துப்போனார். மாமியார் இது நல்ல சகுனம் என்றார், எப்படி என்று சொல்லவில்லை. பையன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, “இப்பதான் மாமா முழுசா அப்ஸ்ட்ராக்ட்” என்றான். சோபா உறையைத் துவைத்தது யார் என்று இந்த மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. சித்தப்பா ஆழத்தைப் பாராட்டினாரே, ஒரு மூட்டை சிமெண்ட்டு வாங்கிக் கொடுத்திருந்தால் நானும் அவர் ரசனையைப் பாராட்டியிருப்பேன்.

அந்த எளிய வழிக்கு வருகிறேன். நம் ஊர்ப் பக்கத்தில் கீழ்வாலையில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, செங்காவி நிறத்தில். பார்க்கப் போகிறவர்களில் ஒருவர் குதிரை என்கிறார், ஒருவர் படகு என்கிறார், இன்னொருவர் ஒரே தாவாகத் தாவிச் சிந்துவெளி எழுத்து என்கிறார். யாருக்கு எது தெரிந்தாலும் ஒன்று நிச்சயம்: எவனோ ஒருத்தன் காவியைக் குழைத்து எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய், வரைய வேண்டும் என்று நினைத்து வரைந்திருக்கிறான். மழை செய்த வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ‘தனிமை’ என்றும் எழுதவில்லை. ஆக, எது படம், எது பழுது என்றால்…

மனைவி கூப்பிடுகிறாள். பையன் போன் செய்தானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து சிநேகிதர்கள் ரெண்டு பேரோடு வருகிறானாம், சுவரை நேரில் பார்க்க. அதுவரைக்கும் வெள்ளை அடித்துவிட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லச் சொன்னானாம். காலையில் இட்லி போதுமா, வடையும் வேண்டுமா என்று கேட்கிறாள்.

வடையும் போடு என்றேன். ஆனால் வந்ததும் நேரே மாடிக்கு அனுப்பு. தண்ணீர் போகிற குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்துக் கிடக்கிறது, கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும், எனக்கு முதுகு வளையவில்லை. அதை எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டுமானால் அதையும் ஒரு படம் பிடித்துக்கொள்ளட்டும்.