லேசா ஒரு லேப்டாப்

ஏலே மருமவனே, இங்கன வந்து உக்காரு. லடாக்குக்குப் போறியாம்லா? எடுக்குற படத்தையெல்லாம் போட்டு வைக்க லேசா ஒரு லேப்டாப் வாங்கப் போறன்னு உங்க அத்தை சொன்னா. நல்ல காரியம். அங்கன போயி மலையப் பாக்க உனக்கு எங்க நேரமிருக்கு? படத்தப் பிடிச்சிட்டு வந்தா வீட்டுல சாவகாசமாப் பாத்துக்கிடலாம்.

மேக்புக் ஏரு 1.24 கிலோதான்னு துள்ளுத. சரி, அந்தக் கணக்குல சார்ஜரச் சேத்தானா? கேமரா கார்டச் சொருக அதுல துவாரம் கிடையாது, அதுக்கொரு கார்டு ரீடர். விமானத்துல கைப்பைக்கு 7 கிலோதான் விடுவான். கேமராவும் லென்ஸுமே பாதியத் தின்னுரும். கால் கிலோ குறையணும்னு கடை கடையா ஏறி இறங்குத, உன் தொந்திய மட்டும் எந்தக் கடைக்காரனும் நிறுக்கல பாரு.

எடைய விடு, எடத்தப் பாரு. 24 மெகாபிக்சல் கேமராவுல ‘ரா’வா எடுத்தா ஒரு படம் 25, 30 எம்.பி. வரும். ஒரு நாளைக்கு 500 படம்னா 15 ஜி.பி. பத்து நாளைக்கு 150. 256 ஜி.பி. லேப்டாப்புல விண்டோஸ் தின்னது போக மிஞ்சுறதுல இதுக்கே மூச்சு முட்டும். நீ வீடியோவும் எடுப்ப. 512-க்குக் குறைஞ்சு வாங்காத. மெலிசு லேப்டாப்புல சிலதுக்கு எஸ்.எஸ்.டி.ய போர்டோட பத்த வச்சிருப்பான், பின்னால மாத்தணும்னு அழுதாலும் நடக்காது.

மாட்டுச் சந்தையில பல்லப் பிடிச்சுப் பாக்குற மாதிரி ஓரத்தத் தடவிப் பாரு. எஸ்.டி. கார்டு துவாரம் இருக்கா? யூ.எஸ்.பி-சி எத்தன? அது வழியா சார்ஜ் ஏறுமா? ஏறும்னா போனுக்கும் இதுக்கும் ஒரே சார்ஜர் போதும். ரீடர் வாங்குனா யூ.எஸ்.பி. 3.0 வாங்கு. பழைய 2.0-ல 64 ஜி.பி. கார்ட இறக்க அரை மணி ஆவும், அதுக்குள்ள நீ குறட்டை விட்டுருவ.

இறக்குன கையோட கார்ட அழிச்சிராத. இன்னொரு டிஸ்குலயும் ஏத்து. விலை கம்மின்னு பழைய ஹார்டு டிஸ்கத் தூக்கிட்டுப் போவாத. அதுக்குள்ள தட்டு சுத்தும், படிக்கிற முனை காத்துல மிதக்கும். 3,000 மீட்டருக்கு மேல ஓட்டாதன்னு பல கம்பெனிக்காரன் தாள்லயே போட்டிருக்கான். லடாக்குல லே ஊரே 3,500 மீட்டர். உனக்கே மூச்சு வாங்குற எடத்துல அது என்ன செய்யும், பாவம்! சின்ன எஸ்.எஸ்.டி. வாங்கு. சாம்சங் டி7 வெறும் 58 கிராம். அதையும் லேப்டாப் பையிலயே வைக்காத. திருடுறவன் ஒண்ண எடுத்துட்டு ஒண்ண உனக்கு விட்டுட்டுப் போவான்னா நினைக்க?

ராத்திரி ரூமுல உக்காந்து படத்தப் புடைச்சு எடு. ஒரே மலைய நாப்பது தடவ எடுத்திருப்ப. மலை என்ன ஓடியா போவும்? மங்கினது, கண்ண மூடுனது, உன் மூஞ்சி மறைச்சது எல்லாத்தையும் கழிச்சா மிஞ்சுறது ஒரு சின்ன கார்டுல அடங்கிரும்.

எடையில மிச்சம் பிடிச்ச எடத்துல எனக்கொரு பஷ்மினா சால்வை வாங்கிட்டு வா. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குன்னு கேக்காத. லேசானதாத் தேடி அலையவும் வேண்டாம். எவ்வளவு கனமா இருந்தா எனக்கென்ன, சுமந்துட்டு வரப்போறது நீதானலே.