டேம் கரைப் புரொபசர்

பதுளைப் பக்கத்துத் தோட்டம் என்றால் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும். ஒரு பிள்ளைக்காம்பரா இருக்கும். ஒரே லயத்துக்குள் மூன்று தொழிற்சங்கத்துத் தலைவர்மார் இருப்பார்கள். இவர்களோடு தவறாமல் காணக்கூடிய இன்னோர் ஆள், டேம் கரைப் புரொபசர். மீன் பிடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மீன் எங்கே நிற்கிறது என்று சொல்வது இவர் பொறுப்பு. இந்த வேலைப் பிரிவினை அவர் சம்சாரத்துக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மீன்குழம்பு என்றால் ஸ்பீக்கர் கட்டிய வேனில் வரும் சாளைதான்.

முதலில் டேமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கம்பி வருவதற்கு முன் பல தோட்டங்களில் தேயிலை ஸ்டோர் ஓடியது தண்ணீர் வலுவில். மேலே ஓடையை மறித்து ஒரு கட்டு. அங்கிருந்து இரும்புக் குழாயில் இறங்கும் தண்ணீர் கீழே டர்பைனைச் சுற்றும். டர்பைன் பழைய இரும்புக்காரனிடம் போய் எவ்வளவோ காலம். டேம் மட்டும் மிச்சம். ஒரு கரையில் மாணாப் புல், மறு கரையில் கருப்பந்தைல மரங்கள், ஓரமெல்லாம் அல்லி, அடியில் மலையிலிருந்து மழைக்கு மழை கழுவி வந்த கறுப்புச் சேறு. பாதிப் பரப்புக்கு மேல் இடுப்பளவு ஆழம் இல்லை. அதற்குள் அவர் பதினேழு ‘இடம்’ வைத்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் பெயரோடு. கங்காணிப் பாறை, கிளாக்கர் மூலை, சின்னத்துரை விழுந்த பள்ளம் என்று போகும். சின்னத்துரை ஏன் விழுந்தார் என்று கேட்டுவிட்டால் அன்றைய சோறு ஆறிப்போகும்.

ஊவாவுக்கு மழை ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் விடாது. நமுனுகுலை உச்சியைப் பனிமூட்டம் விழுங்கியிருக்கும் அந்த மாதங்களில் புரொபசர் இஸ்தோப்பில் குந்தி, சாயத்தண்ணி குடித்தபடி நாட்டு நிலைமை பேசுவார். பொங்கல் முடிந்து வெயில் மெல்ல உறைக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறும். மூங்கில் தடி கூரையிலிருந்து இறங்கும். அறுந்த பாட்டா செருப்பு ஒன்றைத் தேடி எடுத்து மிதப்பு வெட்ட உட்காருவார்.

அவர் மிதப்பு வெட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். செருப்பின் குதிப்பகுதியில்தான் வெட்டுவார். முன்பகுதி தேய்ந்து தண்ணீர் குடிக்குமாம். பிளேடால் விரல் நகத்தளவு சதுரம். அதை மூலை மூலையாகச் சீவி, கல்லில் உரைத்து, மிளகாய்ப்பழ வடிவத்துக்குக் கொண்டுவருவார். ஊசியைச் சூடாக்கி நடுவில் துளை போட்டு, தங்கூசை நுழைத்து, ஈர்க்குத் துண்டால் இறுக்கி, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபடி முதலிலிருந்து. இதற்கே ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விடும். அப்படி ஒரு மிதப்பைக் கடித்து இழுக்க மீனுக்கே மனம் வராது என்பது என் அபிப்பிராயம்.

அவர் அறிவு அண்மையில் உலகத்தரம் அடைந்திருக்கிறது. கொழும்பில் புடைவைக் கடையில் நிற்கும் பேரன் பொங்கலுக்கு வந்தபோது போனில் அமெரிக்கக்காரர்களின் வீடியோக்களைக் காட்டிவிட்டுப் போனான். அங்கே லார்ஜ்மவுத் பாஸ் என்று ஒரு மீன். பச்சை உடம்பு, பக்கெட் வாய். குளிர்காலம் முழுக்க ஆழத்தில் மந்தமாகக் கிடந்துவிட்டு, மார்ச் மாதம் பனி உருகித் தண்ணீர் பத்துப் பாகை தாண்டியதும் மெல்லக் கரையோரம் வரும். பதினைந்து, இருபது பாகைக்குள் முட்டையிடும். சின்னக் குளமாக இருந்தால் சீக்கிரம் சூடேறும், அதனால் பெரிய ஏரிக்கு முந்தியே அங்கே மீன் அசையும். அதிலும் வடக்குக் கரையோரம்தான் முதலில் வெதுவெதுப்பாகும். தெற்கே சாய்ந்து நிற்கும் சூரியன் அங்கேதான் நேராக அடிக்கும், வாடையும் அங்கே தாக்காது. கறுப்புச் சேறு வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இதையெல்லாம் கேட்டபோது புரொபசர் எழுந்தே நின்றுவிட்டாராம்.

“பார்த்தியாடா, நான் முப்பது வருஷமா கிளாக்கர் மூலைன்னு சொல்றதத்தான் அவனும் சொல்றான். கிளாக்கருன்னு சொல்லல, அவ்வளவுதான்.”

பாஸ் மீன் ஊவாவில் கிடையாது. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் இடத்தில் அவர் விராலை உட்காரவைத்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் பொருத்தம் மோசமில்லை. இரண்டும் பதுங்கி இருந்து பாயும் சாதி. இரண்டும் பாசியையும் கட்டையையும் ஒட்டியே நிற்கும். தவளை என்றால் இரண்டுக்கும் உயிர். குஞ்சுகளுக்குக் காவல் இருப்பதிலும் ஒற்றுமை. விராலுக்கு மேலதிகத் தகுதி ஒன்று உண்டு: அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அந்தக் ‘குபுக்’ சத்தத்தை வைத்துத்தான் புரொபசர் பாடமே நடத்துகிறார்.

குளிர் போய்விட்டதா என்று பார்க்க அவரிடம் வெப்பமானி இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரைத் தாய்மார் பார்ப்பது மாதிரி முழங்கையை டேமுக்குள் விடுவார். ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும்: “இன்னும் ரெண்டு வெயில் வேணும்.” அந்த இரண்டு வெயில் அடித்து முடிவதற்குள் பக்கத்து லயத்துப் பொடியன் மண்புழுவைக் கோத்துப்போட்டு எட்டுத் திலாப்பியா கொண்டுபோயிருப்பான். புரொபசர் அதைப் பொருட்படுத்துவதில்லை. “அதுவா? அது ரொட்டிக்கே வர்ற மீன் தம்பி. அதுக்கு என்னா படிப்பு வேணும்?”

வழியில் யாரும் “எங்க மாமா போறீங்க?” என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் போன காரியம் விளங்காது. உடனே திரும்பி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார். இது தெரிந்த தோட்டத்து இளவட்டங்கள் பீலிக்கரையில் ஒருவன், ரோட்டு வளைவில் ஒருவன், கோயிலடியில் ஒருவன் என்று நின்றுகொண்டு மிகுந்த மரியாதையோடு கேட்பார்கள். ஒரு ஞாயிறு அவர் டேமுக்குப் போய்ச் சேரும்போது பெண்கள் கோயில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பேரன் ஒரு ரப்பர் தவளையும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். 2024 செப்டம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே, அந்தத் தவளை அதைவிட விலை. எனவே அதைத் தண்ணீரில் போட அவருக்கு மனம் வரவில்லை. சாமிப்படத்துக்குக் கீழே, பொலித்தீன் பையோடு தொங்குகிறது. ஒரே ஒரு முறை வீசிப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். டேமில் இருந்த நிஜத் தவளை ஒன்று அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

மீன் ஆப்புடாததற்கு அவரிடம் உள்ள காரணங்களைத் தொகுத்தால் ஊவாவின் வரலாற்றையே எழுதிவிடலாம். ஆடி ஆவணியில் கச்சான் காற்று குற்றவாளி. அதே காற்றின் வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் கொண்டாடும் அந்த மணம் ஏறுகிறது என்றாலும் அவர் அதை மன்னிப்பதில்லை: “தேயிலைக்கு மணம் குடுக்கும், மீனுக்கு வயித்தக் கட்டிரும்.” 1990இல் அரசாங்கம் குளத்து மீன்பிடிக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்தியது, 1994இல்தான் மறுபடி கொடுத்தது. “அந்த நாலு வருஷமும் கவர்மெண்டு கொள்கைய மதிச்சு நானும் ஒண்ணும் பிடிக்கல” என்பார். உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டியபோது, 2014 முடிகிற நேரத்தில், உள்ளே தண்ணீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றிப்போயின. அது நிஜமான துயரம். குடிதண்ணீருக்குச் சனங்கள் பவுசரின் பின்னால் குடம் தூக்கி ஓடினார்கள். புரொபசரின் டேம் அந்தத் திசையிலேயே இல்லை. ஆனாலும் அவருடைய பெரிய விரால் ஒன்று அந்தச் சுரங்கத்தில் இறங்கி வெல்லவாயப் பக்கம் போய்விட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. 2024 ஏப்ரலில் அந்தத் திட்டத்தின் மின்நிலையம் திறந்தபோது, “120 மெகாவோட்டுன்னு சொல்றான். அதுல கொஞ்சம் நம்ம மீனுது” என்றார்.

அவரை அசைத்துப் பார்க்கும் காலம் ஒன்று உண்டு. சித்திரைப் புதுவருஷத்தை ஒட்டி, ஏப்ரல் 5 தொடங்கிப் பத்து நாளளவு, சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இலங்கைக்கு நேர் மேலே கடந்து போகும். பதுளைக்கு அது ஏழாம் எட்டாம் தேதியளவில் உச்சி. நடுப்பகலில் தடியை நட்டால் நிழல் காலடியிலேயே கிடக்கும். அப்போது வடக்குக் கரை ஏது, தெற்குக் கரை ஏது? அமெரிக்கச் சாஸ்திரம் முழுவதும் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். நான் இதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தப் பத்து நாளும் மீனு எங்க வேணும்னாலும் நிக்கும் தம்பி. அதுனாலதான் நான் தூண்டி போடுறதில்ல. அது வெளையாட்டு இல்ல, சூது.”

மீன்களின் பூர்வீகம் பற்றியும் அவரிடம் ஒரு பாடம் இருக்கிறது. துரைமார் 1880களில் சீமையிலிருந்து டிரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாத் தண்ணீரில் விட்டார்கள். 1896இல் அதற்கென்று ஒரு சங்கமும் வைத்தார்கள். ஆப்பிரிக்கச் சாதியான திலாப்பியா 1952இல் வந்தது. இப்போது குளத்துக்குக் குளம் அதன் குடும்பம்தான். இதைச் சொல்லும்போது மட்டும் புரொபசர் சிரிக்க மாட்டார். “நம்ம ஆளுக நூறு வருஷத்துக்கு முந்தி வந்து காட்ட வெட்டி, தேயிலை நட்டு, ரயில் ரோட்டுக்குக் கல்லொடச்சு எல்லாம் செஞ்சாங்க. 1948ல பிரஜாவுரிமை இல்லன்னுட்டான். அதுக்கு நாலு வருஷம் பொறவு வந்த மீனுகிட்ட ஒருத்தனும் பத்திரம் கேக்கல.” பிறகு தடியைத் தூக்கி இரையைப் பார்ப்பார். இரை இருக்காது, பொடி மீன் கொத்திக்கொண்டு போயிருக்கும்.

பங்குனிக் கடைசியில், பின்னேர இடிமழை தொடங்கும் நாட்களில், அல்லி இலைகளுக்கிடையே தண்ணீர் சிவப்பாகத் துடிக்கும். விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக, மேலும் கீழுமாகக் கொதித்துக்கொண்டு நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல். தூண்டில்காரனுக்கு அதைவிடச் சுலபமான இடம் வேறில்லை. அந்தச் சிவப்புக்கு நடுவே எதைப் போட்டாலும் பெரியது ஆத்திரத்தில் பாய்ந்து கடிக்கும். பசியில்லாமலே கடிக்கும். வாழ்நாள் முழுக்க ஒரு பெரிய விராலுக்காகக் காத்திருக்கும் மனுஷன் அங்கே என்ன செய்கிறார் என்றால், தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் நிற்கிறார். பொடியன்மார் கிட்டே வந்தால் கல்லெடுக்கிறார். டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் பளபளக்கும் ரீலோடு வந்த இருவருக்கு, அந்தப் பக்கம் குளவிக்கூடு கலைந்திருக்கிறது என்று நாக்கூசாமல் பொய் சொன்னார். தோட்டத்தில் குளவி என்றால் யாரும் வாதாட மாட்டார்கள். அவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். இவர் இரண்டு கிழமை ஒரு நாள் தவறாமல் வந்து, குஞ்சு கறுத்துப் பிரிந்து போகும்வரை நின்றார். பணிய வேலையில் இருந்த காலத்திலும் அவர் இவ்வளவு ஒழுங்காகப் பேர் போட்டதில்லை என்கிறார் அவர் சம்சாரம்.

கீழ்நாட்டு நீர்நிலைகளைப் பற்றி அவருக்கு மரியாதை கிடையாது. மஹியங்கனையில் சொரபொர வாவி இருக்கிறதே, பாறையைக் குடைந்து மதகு வைத்த ராசா காலத்துக் குளம், அங்கே ஒரு முறை கூட்டிப்போனோம். கரையில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். தாமரை, தோணி, மீன் சுமந்து போகும் சைக்கிள்கள். “பெருசுதான். ஆனா மூலை இல்லியே” என்றார். வரும் வழியில் தோணிக்காரர்களிடம் வாங்கிய இரண்டு விராலை நாங்கள் வீட்டில் கறி வைத்தோம். அவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, நம் டேம் விராலின் ருசி இதில் இல்லை என்றார். நம் டேம் விராலை அவர் எப்போது தின்றார் என்று கேட்க அவர் சம்சாரம் வாயெடுத்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹாலிஎலைக்கும் தெமோதரைக்கும் நடுவே எங்காவது ஒரு டேம் கரையில் தடியோடு குந்தியிருக்கும் பெரியவரைக் கண்டால், வாசகர்களே, தயவுசெய்து “ஆப்புட்டுச்சா?” என்று கேட்காதீர்கள். “எந்தப் பக்கம் நிக்குது மாமா?” என்று கேளுங்கள். அவசரமாக எங்காவது போக வேண்டியிருந்தால் அதையும் கேட்காமல் நடையைக் கட்டுங்கள். தோட்டத்துச் சந்தியிலிருந்து பதுளைக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு.