இச்சி, நி, சான்... கேளுங்கள்!

கே: கராத்தே என்றால் ‘வெறுங்கை’யாமே! மாதக் கடைசியில் நானும் கராத்தேகாரன்தானே?
– ஒரு சம்பளக்காரர், ஈரோடு

ப: அந்தக் கணக்கில் பாதி நாடு பிளாக் பெல்ட்! ஆனால், ‘வெறுங்கை’ பின்னால் ஒட்டியது. கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் பழைய எழுத்துப்படி அது ‘சீனக் கை’. உச்சரிப்பு அதேதான்; எழுத்து மட்டும் மாறியது. 1936 அக்டோபர் 25 அன்று அத்தீவின் நாஹா நகரில் கூடிய ஆசான்கள் ‘வெறுங்கை’க்குத் தலையாட்டினார்கள். ஜப்பானில் தேசிய வெறி ஏறிக்கொண்டிருந்த நேரம். பெயரில் சீனா இருந்தால் எடுபடுமா?

கே: என் மகன் எட்டாவது கியூவிலிருந்து ஏழாவதுக்குப் போனதை பிரமோஷன் என்கிறான். ஏமாற்றுகிறானா?
– ஓர் அம்மா, நாமக்கல்

ப: இல்லை, ஸ்வீட் வாங்கிக் கொடுங்கள். கியூவில் எண் குறையக் குறைய உயர்வு. ரேஷன் கடை கியூவும் அப்படித்தானே! பிளாக் பெல்ட் வந்த பிறகு டான் கணக்கு. அது ஒன்றிலிருந்து மேலே ஏறும். ஜூடோவுக்காக கானோ ஜிகோரோ செய்த ஏற்பாடு இது. கராத்தேயில் முதல் டான்களை ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் வழங்கியது 1924-ல்தான்.

கே: மாஸ்டர் பாராட்டினாலும் ‘ஓஸ்’, திட்டினாலும் ‘ஓஸ்’. இது என்ன பதில்?
– மஞ்சள் பெல்ட், தஞ்சாவூர்

ப: ‘வணக்கம்’, ‘சரிங்க மாஸ்டர்’, ‘புரிந்தது’, ‘புரியவில்லை, ஆனாலும் செய்கிறேன்’ – நாலுக்கும் சேர்த்து ஒரே பதில். ஆனால், ஒகினாவாவின் பழைய பள்ளிகள் பலவற்றில் இதைக் கேட்க முடியாது. அங்கே ‘ஹாய்’ (‘ஆமாம்’) போதும். ஜப்பானுக்குப் போனால் தெருவில் பார்க்கும் பெரியவரிடம் ‘ஓஸ்’ போட்டுவிடாதீர்கள். ‘என்னப்பா!’ என்று தோளில் தட்டினது மாதிரி ஆகிவிடும்.

கே: காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்த கலைக்கு ஜப்பானியப் பெயர்கள் எதற்கு?
– ஒரு தமிழார்வலர், மதுரை

ப: ‘ஏழாம் அறிவு’ சூடு இன்னும் தணியவில்லை போல! ஜென் மரபு அவரை முதல் ஆசானாகக் கும்பிடுகிறது; அதில் தகராறு இல்லை. கராத்தே உருவானது ஒகினாவாவில். உள்ளூர் ‘தே’ கலையோடு சீனாவின் ஃபூஜியன் பகுதிக் குத்துமுறைகள் கலந்தன. போதிதர்மருக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அதை நிரப்புவது கதைகள்தான்.

கே: ‘சோட்டோ உகே’ என்று பழைய மாஸ்டர் சொல்லித்தந்ததைச் செய்தேன். ‘அது உச்சி உகே’ என்று புது மாஸ்டர் அதட்டுகிறார். யார் சரி?
– குழம்பிய மாணவர், திருச்சி

ப: இரண்டு பேரும்! ‘சோட்டோ’ என்றால் வெளி, ‘உச்சி’ என்றால் உள், ‘உகே’ என்றால் தடுப்பு. முழங்கையை மடக்கி, முன்கையை வெளியிலிருந்து நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து தடுத்தால், ஷோட்டோகான் பிரிவில் அது சோட்டோ உகே. வாடோ ரியு பிரிவில் அதற்கே உச்சி உகே என்று பேர். கை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பவர் ஒருவர். எங்கே போகிறது என்று பார்ப்பவர் இன்னொருவர். குத்து தடுக்கப்பட்டதா? அப்புறம் என்ன!

கே: ஆளே இல்லாமல் சண்டை போட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினாராமே ஒருவர்?
– ஒரு டீக்கடைக்காரர், சேலம்

ப: கியுனா ரியோ, ஒகினாவாக்காரர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கட்டா பிரிவு. கட்டாவில் அடி, உதை, தடுப்பு எல்லாம் வரிசை மாறாமல் வரவேண்டும். முதலில் எந்தக் கட்டா என்று அறிவிக்கவேண்டும். இறுதிச்சுற்றில் அவர் ‘ஓஹான் டாய்!’ என்று கூவியதே பாதி உதை மாதிரி இருந்தது. ஒகினாவாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

கே: இதையெல்லாம் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தால் குற்றமா?
– ஒரு தமிழாசிரியர், புதுச்சேரி

ப: குற்றமே இல்லை. ஒகினாவாவின் ‘பினான்’ கட்டாக்களை ஜப்பானியர் வாய்க்கு ஏற்றபடி ‘ஹெயான்’ ஆக்கியவர் ஃபுனாகோஷியேதான். நீங்களும் மாற்றுங்கள். ‘யாமே’யை மட்டும் விட்டுவையுங்கள். பிரேசில்காரரும் எகிப்துக்காரரும் மோதும்போது நடுவர் அதைச் சொன்னால்தான் இருவரும் நிற்பார்கள். அந்த நேரத்தில் கலைச்சொல் அகராதியைப் புரட்டினால், மூக்கு போய்விடும்!