ஓடும்போதே கழற்றலாம்

பெரிய ரவுட்டர்களில் பவர் சப்ளை இரண்டு இருக்கும். ஒன்று போனால் மற்றது சுமக்கும். பழுதானதை, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவி மாற்றலாம். இத்தனையும் யோசித்தவர்கள், பழுதானதை விட்டுவிட்டு, பச்சை விளக்கு எரியும் நல்லதைப் போய்ப் பிடுங்கும் புண்ணியவானை மட்டும் யோசிக்கவில்லை.

இப்படிக் கழற்றும்போது மணிக்கட்டில் மாட்ட, உடம்பின் நிலைமின்சாரத்தை வடிக்கும் பட்டை ஒன்றும் தருவார்கள். சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழே நிலைமின்சாரம் பாய்ந்தால் நமக்கு உறைக்காது. சில சில்லுகளுக்கோ 100 வோல்ட்டே எமன். அதிலும் அந்தச் சில்லுகள் உள்ள அட்டை பல சமயம் அன்றைக்கே சாகாது. சில மாதம் கழித்து, வேறொருவர் ஷிப்டில் போகும். பட்டை? பிரிக்காத உறையோடு ரேக்கின் மேல் பத்திரமாக இருக்கிறது.

ரவுட்டரைக் குளிர்விக்கும் விசிறித் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவரைப் பற்றி ரவுட்டரே சூடாகப் பேசும்.