கூப்பிடு தூரத்தில் சமுத்திரம்

பிறர் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே கண்ணில் படும் வஸ்து எதுவாயினும் அதைப் பற்றி ஒரு யோசனை சொல்லாமல் திரும்புவது அமங்கலம் என்று கருதும் வழக்கத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்களும் அதைச் செய்கிறீர்கள், நானும் செய்கிறேன். ஆயினும், நேற்று மாலை என் மனைவியின் மாமா எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு, 60 லிட்டர் ஜலமும் சில பாறைத் துண்டுகளும் தவிர வேறொன்றும் இல்லாத என் கண்ணாடித் தொட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, கடல் கூப்பிடு தூரத்துல கெடக்கு, ரெண்டு கொடம் மோந்துட்டு வந்து ஊத்துறத விட்டுட்டு இதுக்குப் போயா இம்புட்டு செலவு?" என்று கேட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் போண்டாவின் பக்கம் திரும்பியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. போண்டாக்கள் அவருக்கு ஜீரணமாகியிருக்கும். மனைவி வழிப் பெரியவர்களுடன் வாதம் செய்வதற்கு எந்த சாஸ்திரத்திலும் அனுமதி இல்லாமையால், அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சிறிய அளவில் ஒரு பவளப்பாறைத் தொட்டியை முதன்முதலாக அமைக்க விரும்பும் அன்பர்களுக்கு உபயோகமாகும்படி, தண்ணீர், பாறை, விளக்கு, மீன், பவளம் என்று கிரமமாக எல்லாவற்றையும் சொல்வதே இக்கட்டுரையின் உத்தேசம். தண்ணீர் எளிய விஷயம். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நான் குடியிருப்பது திருவான்மியூரில். எங்கள் பக்கத்துக்கு வரும் குடிநீரில் ஒரு பகுதி, 2013-ஆம் ஆண்டு முதல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் நிலையத்திலிருந்து வருகிறது. அதாவது, வங்காள விரிகுடாவின் ஜலத்தைப் பெரும் பொருட்செலவில் உறிஞ்சி, பிரம்மாண்டமான அழுத்தத்தில் நுண்ணிய சவ்வுகளின் வழியே செலுத்தி, அதிலுள்ள உப்பையெல்லாம் பிரித்து மீண்டும் கடலிலேயே விட்டு, மிஞ்சிய நன்னீரைக் குழாய் வழியாக என் வீட்டுத் தரையடித் தொட்டி வரை சர்க்கார் கொண்டுவந்து சேர்க்க, அங்கே அது எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரோடு சங்கமித்துத் தன் குலப்பெருமையை இழக்க, அதை நான் என் சொந்தச் செலவில் ஆர்.ஓ. யந்திரத்தில் மறுபடியும் வடித்து, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் வரை சுத்திகரித்து, அப்பால் வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த உப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் நிறுத்துப் போட்டு, மீண்டும் கடல்நீர் ஆக்குகிறேன். அந்தக் கப்பல் எதன்மேல் மிதந்து வந்தது என்ற கேள்வியை மாமா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

உப்பைக் கொட்டியதும் வாளியிலுள்ள ஜலம் அரிசி களைந்த நீரின் நிறம் கொள்ளும். ஒரு சிறு பம்பைப் போட்டு மணிக்கணக்காகச் சுழலவிட்ட பிறகே தெளியும். பிறகு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் குழலின் சாய்ந்த கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் நோக்கினால், மேலே நீலமும் கீழே வெண்மையும் சந்திக்கும் எல்லைக்கோடு 35-இல் நிற்க வேண்டும். அது 33-இல் நிற்கும். ஒரு கரண்டி உப்பு போட்டால் 37-க்குப் போகும். இந்தச் சமயத்தில்தான் யாராவது காய்கறிக்காரர் வந்திருப்பதாகச் சொல்வார்கள்.

அத்துடன் விஷயம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஜலம் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. 60 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானால் 35 என்பது 36-ஐத் தாண்டிவிடும்; 600 லிட்டர் தொட்டியில் அதே 2 லிட்டர் போனது மீனுக்கும் தெரியாது, எஜமானுக்கும் தெரியாது. சிறியது சுலபம் என்று எனக்கு விற்றவர் ஒரு புன்னகையுடன் சொன்னார். அந்தப் புன்னகையின் தாத்பரியம் இப்போது விளங்குகிறது. ஆகவே இத்தனை பிரயாசைப்பட்டு உப்பேற்றிய தொட்டியில் தினந்தோறும் காலையில் உப்பே இல்லாத ஜலத்தை ஊற்ற வேண்டியிருக்கிறது. மூடியின் விளிம்பில் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும் உப்பைத் துடைக்கும்போது, என் வீட்டிலும் ஒரு உப்பளம் இயங்குகிறது என்ற கௌரவம் மட்டும் மிச்சம்.

அப்படியானால் மாமா சொன்னபடியே குடத்தை எடுத்துக்கொண்டு போனால் என்ன? போகலாம். மெரினாக் கரையில் மீன் காட்சிசாலை திறந்த 1909-இல் அப்படிப் போயிருந்தால் கவலையில்லை. அந்தக் காலத்துக் கடல் வேறு. இன்று கூவமும் அடையாறும் நகரத்தின் சகல கழிவுகளையும் சுமந்துபோய்ச் சேருமிடத்துக்கு அருகே மொண்ட ஜலத்தை, ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பளவும் குறைந்துபோன நிலையில், அம்மோனியாவின் வாடை பட்டாலே சாகும் பிராணிகளுக்குக் கொடுப்பதற்கு மாமாவின் அளவு தைரியம் வேண்டும்.

அவர் தூத்துக்குடிக்காரர். ஆகவே, "உப்புதான் வேணும்னா நம்ம ஊர்லேர்ந்து ஒரு மூட்டை அனுப்புறேன்" என்றும் சொன்னார். அன்பு மிகுதியால் சொன்னதுதான். ஆனால் கடல்நீரில் கரைந்தவற்றில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 85 சதவிகிதமே. மீதியில்தான் பவளத்தின் வாழ்வு இருக்கிறது. பாத்தியில் உப்பு விளையும் முன்பே கால்சியத்தின் பெரும்பகுதி படிந்துவிடும். விளைந்த பின் வடித்துவிடும் கசப்பு நீரோடு மக்னீசியம் போய்விடும். எஞ்சுவது சாம்பாருக்கு அமிர்தம். லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400-க்குச் சற்று மேலாகக் கால்சியமும் கேட்கிற ஜீவனுக்கு அது பட்டினி. இதையெல்லாம் நான் வாயெடுத்துச் சொல்லத் தொடங்கியபோது அவர், "அது கெடக்கட்டும், இதுல மீன் எங்கே?" என்றார். பாறையில் நுண்ணுயிர்கள் குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழக நாலைந்து வாரங்கள் ஆகும் என்று காலி வயிற்றோடு நின்று கேட்பவரிடம் சொல்லலாம். போண்டா தின்று முடித்தவரிடம் சொல்ல முடியாது.

பாறை, விளக்கு, மீன் ஆகியவற்றுக்குப் பத்திராதிபர் ஒதுக்கிய இடம் தண்ணீரிலேயே போய்விட்டது. பவளத்தைப் பற்றி மாத்திரம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். மாமா விடைபெறும்போது, அடுத்த முறை வருகையில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து நல்ல பவளமாக நாலு கொண்டுவந்து தருவதாக வாக்களித்திருக்கிறார். பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. புலி இருக்கும் அட்டவணை அது. தூத்துக்குடி வாசகர்கள் யாராவது அவரைக் கண்டால், பையில் எதையும் போடுமுன் தயவுசெய்து இதைச் சொல்லிவிடுங்கள்.