பார்த்துட்டுச் சொல்றேன்

பிள்ளைகள் ஒரு தொடரைப் பார்க்கலாமா கூடாதா என்று சென்சார் அண்ணனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "முதல்ல நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். அந்தப் பிள்ளை கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்கும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இப்போது ஆய்வில் இருப்பது 'தி ஆபீஸ்'. அமெரிக்காவில் ஸ்க்ரான்டன் என்ற ஊரில் காகிதம் விற்கிற கம்பெனி, அதற்கு ஓர் அசட்டு மேனேஜர், அவரிடம் மாட்டிக்கொண்ட ஊழியர்கள். 2005இல் தொடங்கி 2013 வரை ஒன்பது பருவம், 201 பகுதி. உயர்நிலை இரண்டில் படிக்கிற அண்ணன் மகள், "கிளாஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்கப்பா, நானும் பார்க்கவா?" என்று வாயைக் கொடுத்துவிட்டாள். நல்ல பிள்ளை. கேட்காமல் பார்க்கிற பிள்ளைகளால் யாருக்கும் தொந்தரவில்லை.

தொந்தரவு எனக்கு. ஏனென்றால் அண்ணன் ஆய்வு நடத்துவது எங்கள் வீட்டில். "பிள்ளைங்க இருக்கிற வீட்டுல அதை எப்படித் தம்பி போடறது? உள்ள என்ன இருக்குன்னே தெரியலையே." என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான், வார இறுதியில்தான் முகாமிலிருந்து வருவான். கெட்டுப்போக ஆள் இல்லாத வீடு என்று மார்சிலிங்கில் எங்கள் வீடு தேர்வாகிவிட்டது. நானும் மனைவியும் கெட்டுப்போனால் அவருக்குக் கவலையில்லை போலிருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு மாடி இறங்கி வருவார். கையில் பள்ளிக்கூட நோட்டு, சட்டைப்பையில் சிவப்புப் பேனா. வந்து உட்கார்ந்ததும் ரிமோட் அவர் கைக்குப் போய்விடும்.

"எத்தனை வயசுக்குன்னு அதிலேயே போட்டிருக்கே அண்ணே" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். சிங்கப்பூரில் அதற்கென்றே தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்று ஆறு படி வைத்துப் பிரித்திருக்கிறது. இலவச ஒளிவழிகளில் பிஜி13 நிகழ்ச்சி இரவு பத்து மணிக்கு முன்னால் தலைகாட்ட முடியாது. அண்ணனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். "பதின்மூணுன்னா எந்தப் பதின்மூணு தம்பி? என் மகளோட பதின்மூணா, நாலாம் மாடிப் பையனோட பதின்மூணா?" என்றார். நாலாம் மாடிப் பையனை எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். 'பெற்றோர் வழிகாட்டுதல்' என்று போட்டிருக்கிறார்களே, அதைத் தனக்கு வந்த பணிநியமனக் கடிதம் என்றே அண்ணன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நோட்டில் ஐந்து பத்தி. முத்தம், குடி, கெட்ட வார்த்தை, இரட்டை அர்த்தம், மேலதிகாரிக்கு மரியாதை. முதல் நாலும் எந்த அப்பாவும் போடுகிற கணக்கு. ஐந்தாவது அவருடைய சொந்தச் சரக்கு. கிராஞ்சிப் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறார். முதலில் நிறைந்ததும் அந்த ஐந்தாம் பத்திதான்.

தொடரின் முதல் பகுதியிலேயே ஜிம் என்கிற ஊழியன், பக்கத்து மேசை டுவைட்டின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் போட்டு உறைய வைத்துவிடுவான். படம் நின்றது. அண்ணன் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். "கம்பெனிச் சாமான் தம்பி!" மறுபடி ஓட்டினார். "மேனேஜர் ஒரு வார்த்தை அதட்டலையே, கூடச் சேர்ந்து ஜோக் அடிக்கிறானே!" எழுதினார். அடிக்கோடு போட்டார். போட்டது கோணலாக இருந்ததால் எங்கள் வீட்டில் ஸ்கேல் கேட்டார். இருபத்திரண்டு நிமிடப் பகுதி இப்படித்தான் ஒரு மணி நேரம் நடக்கும்.

மேனேஜரின் இரட்டை அர்த்தப் பேச்சு வந்தால் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவார். "இப்ப என்ன தம்பி சொன்னான்?" என் மனைவி அடுப்படிக்குள் போய்விடுவாள். "ஏதோ ஜோக் அண்ணே" என்பேன். 'விளக்கம் தேவை' என்று எழுதிக்கொள்வார்.

முத்தத்துக்கு நிறுத்துகிறார் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டாம் பருவத்தின் முடிவில் ஜிம், கூட வேலை பார்க்கிற பாமை முத்தமிடுவான். சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். பாமுக்குத்தான் வேறொருவனோடு நிச்சயமாகிவிட்டதே, இதை முத்தத்தில் சேர்ப்பதா, புதிதாக ஒரு பத்தி போடுவதா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்து முடிக்கிற வரை அந்த இருவரும் எங்கள் ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் அப்படியே நின்றார்கள். கூடத்து ஜன்னல் எதிர் பிளாக்கைப் பார்த்தது. திரைச்சீலை துவைக்கப் போயிருந்தது.

அதற்கு முன்பே, தொடரின் இரண்டாம் பகுதியில் இன்னொரு சிக்கல். இன நல்லுறவு வகுப்பு எடுக்கிறேன் பேர்வழி என்று மேனேஜர் ஊழியர்களின் நெற்றியில் ஆளுக்கோர் இனத்தின் பெயரை ஒட்டிவிடுவான். கெல்லி கபூர் என்ற இந்தியப் பெண்ணின் முன்னால் இந்தியக் கடைக்காரர் மாதிரிப் பேசிக் காட்டி, அவளிடம் அறையும் வாங்குவான். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜூலை 21 ஆனா இன நல்லிணக்க நாள்னு ஸ்கூல்ல எல்லா இன உடையும் போட்டுக்கிட்டுப் போறாங்க. இதைப் பார்த்துட்டுப் போனா?" நல்ல கேள்வி. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என்னிடம் கேட்டுவிட்டு, நோட்டில் மூன்று கேள்விக்குறி போட்டார். கெல்லியாக நடித்த மிண்டி கேலிங்கின் முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், அப்பா தமிழர், தொடருக்குக் கதை எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்று சொல்லித் தொலைத்தேன். "சொக்கலிங்கமா!" மூன்று கேள்விக்குறியையும் அடித்துவிட்டார். மூன்றாம் பருவத்துத் தீபாவளிப் பகுதி அந்தப் பெண் எழுதியது என்றதும் உடனே அதைப் போடச் சொல்லி, சமோசா இருக்கிறது முறுக்கைக் காணோமே என்று குறைப்பட்டார்.

"சிரிப்புத் தொடருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா அண்ணே?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"பிரதமரே செஞ்சிருக்காரும்மா."

பொய்யில்லை. 1997 முதல் 2007 வரை இங்கே ஓடிய 'புவா சூ காங்' தொடர். மஞ்சள் பூட்ஸும் மச்சமும் சுருட்டை முடியுமாக, வீடு புதுப்பித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டராக குர்மித் சிங் வருவார். அவர் பேசுகிற சிங்லிஷைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1999 தேசிய தினப் பேரணி உரையிலேயே பிரதமர் கோ சோக் டோங் கவலைப்பட்டார். தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசி, கான்ட்ராக்டரை ஆங்கில வகுப்பில் சேர்க்க ஏற்பாடும் செய்தார். மறு ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் வந்தது. "பெரியவங்க பார்த்துட்டுத்தானே லா சொல்லணும்" என்று முடித்தார் அண்ணன்.

சரி, பார்க்கட்டும். ஆனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா? அண்ணன் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தமிழ்த் தொடர் ஓடும். மாமியார் பாலில் எதையோ கலப்பாள். நாத்தனார் படியில் எண்ணெய் ஊற்றுவாள். வேண்டாம் என்று கதறுகிற பெண்ணின் கழுத்தில் கதாநாயகன் தாலியைக் கட்டிவிடுவான், பின்னணியில் நாதஸ்வரம் வேறு. மகள் சோற்றுத் தட்டோடு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அப்போது நோட்டு இல்லை, சிவப்புப் பேனா இல்லை. கேட்டால் "அது குடும்பத் தொடர் தம்பி" என்கிறார். ஒரு பெண்ணைப் பலவந்தமாகப் பெண்டாட்டியாக்குவதைப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அசட்டு மேனேஜரைப் பார்த்துச் சிரிக்க மட்டும் 201 பகுதி காத்திருக்க வேண்டும். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இந்த மனிதரை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை. மூன்றாம் பருவத்தில் பாம் தான் வரைந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைப்பாள். அவள் எதிர்பார்த்தவர்கள் வரமாட்டார்கள். வந்தவர்களும் குறை சொல்வார்கள். கடைசியில் அந்த அசட்டு மேனேஜர் ஓடிவந்து, தங்கள் ஆபீஸ் கட்டடத்தை அவள் வரைந்திருப்பதைப் பார்த்து மலைத்துப்போய், விலை கொடுத்து வாங்குவான். அன்றைக்கு அண்ணன் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. நோட்டு மூடியே கிடந்தது. கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டே, "கிடங்குல பசங்க என் முதுகுக்குப் பின்னால சிரிக்கிறது எனக்குத் தெரியும் தம்பி" என்றார். பிறகு, "ஆனா யாருக்காவது குழந்தை பொறந்தா முதல்ல நான்தான் போய்ப் பார்ப்பேன்" என்றார்.

மகளைப் போன வாரம் லிஃப்டில் பார்த்தேன். "அப்பா எந்த சீசன்ல இருக்காரு அங்கிள்?" ரயிலில் போகவர போனிலேயே ஒன்பது பருவத்தையும் முடித்துவிட்டாளாம். "ஏழுல மேனேஜர் மைக்கேல் வேலைய விட்டுட்டுப் போயிடுவாரு. அந்த எபிசோட் வந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, நான் வந்து கூட உட்கார்றேன். அப்பா தாங்கமாட்டாரு."

ஆறாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆய்வுக்கு 'புரூக்ளின் நைன்-நைன்' என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் கதை, மேலதிகாரிக்கு மரியாதை இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. "அது 153 பகுதி அண்ணே" என்றேன்.

"பரவாயில்லை தம்பி. சின்னவன் இப்பத்தானே தொடக்கநிலை நாலு."