முறைப்பாட்டுக் காலம்

நெடுந்தீவில் தனித்திருக்கும் அம்மாவைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு பிள்ளையை வைத்தாயிற்று. கனடாவிலிருந்து மகன் கமராவில் கண்காணிக்கிறார். குற்றப்பத்திரிகை: தேத்தண்ணி பிந்தியது, போனில் கதைத்தது. விசாரணை வட்ஸ்அப் குழுவில். நீதிபதிகள் லண்டன், பாரிஸ், டொரோண்டோ. குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் குழுவில் இல்லை. சம்பளம் பிந்துகிறது என்ற அவளுடைய முறைப்பாட்டுக்கோ குறிகட்டுவான் இறங்குதுறையைத் தாண்டப் படகே கிடைக்கவில்லை.

அம்மாவின் சாட்சியம்: "அவள் நல்ல பிள்ளை, தம்பி. நீ எப்ப வாறாய்?" அது பதிவேட்டில் ஏறவில்லை.

இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பராமரிப்புக் கேட்டுப் பெற்றோர் பிள்ளைகள்மேல் முறையிட ஒரு சபையே உண்டு. ஆகவே அடுத்த முறைப்பாட்டை எழுதுமுன் யோசியுங்கள். அம்மாவுக்கும் எழுதத் தெரியும்.